பாவிக்காத இன்சூரன்சும் அப்பாவின் கையுறையும்

இன்று காலை அப்பாவின் இன்சூரன்ஸ் காசைத் திருப்பிக் கேட்கப் போய்...

இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

கனடாவில் இருக்கும் என் தம்பி, ஒரு வருடத்துக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் கட்டித்தான் அம்மா அப்பாவைக் கூப்பிட்டிருந்தான். (அது இல்லாவிட்டால் விசாவே இல்லையாம்!)

பாதி வருடம்கூட ஆகவில்லை. பனி கொட்டத் தொடங்கியதும் அப்பா, "ஊருக்குப் போறோம்" என்று ஒற்றைக்காலில் நின்று, அம்மாவையும் இழுத்துக்கொண்டு கண்டிக்கு வந்து சேர்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து தம்பிக்கு ஒரே கவலை.

"அக்கா, நான் ஏதும் கொற வச்சிட்டேனா? வீட்டுக்குள்ளயும் கையுறையோடதான் இருந்தாரு. ஹீட்டர எவ்வளவு கூட்டியும் கழட்டல. எம்மேல என்னமோ கோவம்!"

ஒவ்வொரு கோலிலும் இதே கேள்வி. அப்பாவைக் கேட்டால் "ஒன்னுமில்ல" என்பதோடு சரி.

இதற்கிடையில், மருத்துவச் செலவு எதுவும் கேட்காமல் முன்கூட்டியே திரும்பியவர்களுக்கு மிச்ச மாதங்களுக்கான காசு திரும்பக் கிடைக்கும் என்று தம்பி கண்டுபிடித்தான்.

ஆகவே இன்று வாட்ஸ்அப்பில் வீடியோ கோல். ஒரு பக்கம் தம்பி. இன்னொரு பக்கம் கனடாவிலேயே இருந்து இன்சூரன்ஸ் எடுத்துக்கொடுத்த யாழ்ப்பாணத்து அக்கா. இந்தப் பக்கம் அம்மா, அப்பா, நான் மூவரும் ஒரே போனுக்குள் முட்டிமோதிக்கொண்டு!

"ஐயா, இஞ்ச நிண்ட நேரம் டொக்டரிட்ட எங்கயாவது போனனீங்களோ?" என்று கேட்டார் இன்சூரன்ஸ் அக்கா.

இல்லை என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள்,

"போனேங்க" என்றார் அப்பா.

தம்பி முகத்தில் ஈயாடவில்லை. (காசு போச்சு என்று நானும் முடிவு கட்டிவிட்டேன்.)

"எப்பப்பா?" என்றேன்.

"கடைக்கு நடந்து போனேன்ல, அன்னிக்கி. ஐஸ்ல வழுக்கி விழுந்துட்டேன். மணிக்கட்டு வீங்கிருச்சு. பக்கத்துலயே டொக்டர் இருந்தாரு, காட்டிட்டு வந்தேன்."

"அதுக்கு எங்களிட்டக் காசு கேட்டனீங்களோ ஐயா?"

"ஒங்ககிட்ட எதுக்குங்க கேக்கனும்? விழுந்தது நான்தானே! தம்பி கைச்செலவுக்குத் தந்தத குடுத்துட்டேன்."

இன்சூரன்ஸ் அக்கா சிரித்துவிட்டார். "அப்ப பிரச்சினை இல்லை ஐயா. இனியும் கேக்க மாட்டன் எண்டு ஒரு கையெழுத்து வையுங்கோ. மிச்சக் காசு வரும்."

அப்பாடா! உடனே கையெழுத்து வைத்துப் படம் பிடித்து அனுப்பிவிட்டோம்.

ஆனால் தம்பி காசைப் பற்றிப் பேசவே இல்லை.

"அப்ப அந்தக் கையுறை... வீக்கத்த மறைக்கவாப்பா?"

(அப்பா ஹந்தானை மலைத் தேயிலைத் தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையாக இருந்தவர்.)

"பின்ன? வாழ்க்க பூரா மழையில மலையேறி எறங்குன காலுடா இது. சமதரையில வழுக்கிருச்சுன்னு எந்த வாயால சொல்ல? இன்னொருக்கா விழுந்தா ஒனக்குத்தான் தொல்லன்னு கெளம்பிட்டேன்."

"எம்மேல கோவமில்லையா?"

"ஒம்மேல என்னடா கோவம்? ஒங்க ஊருல தரைதான் சரியில்ல!"

தம்பி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். எனக்கும் அழுகை வந்தது. இத்தனை நாளும் அவன் சும்மா தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தான், பாவம்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. (அவருக்கும் இன்றுதான் தெரியும்!) அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து ஓர் அழுத்து.

"ஆ!"

"இன்னும் வலிக்குதுல்ல? கெளம்புங்க!"

இதை டவுனில் எக்ஸ்ரே எடுக்கும் இடத்துக் கதிரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எலும்புக்கு ஒன்றுமில்லை, பழைய சுளுக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். கடவுளுக்கு நன்றி!

உங்கள் வீட்டு அப்பாக்களும் இப்படித்தானா? கொமெண்டில் சொல்லுங்கள், ஆறுதலாக இருக்கும்.

ஏனென்றால் எங்கள் அப்பா இப்போதுதான் பில்லைப் பார்த்துவிட்டு மெதுவாக என் காதருகே வந்தார்.

"ஏம்மா, இதுக்கு அந்த இன்சூரன்ஸ்ல கேக்கலாமா?"