காந்தம் நழுவிய கதவு

பழைய கார் ஒரிஜினலா, புதுப்பித்ததா என்று பார்த்துச் சொல்வது அவன் தொழில். கைக்குட்டையில் சுற்றிய காந்தத்தோடு அலைவதால் எல்லாருக்கும் அவன் 'காந்தம்'தான். "பேருதான் காந்தம், ஒருத்தராவது ஒட்டுறாங்களாடா?" என்று அக்கா கேலி செய்வாள். ஒட்டியிருந்தவர் மாடிவீட்டுக் கடிகாரக்கடைக்காரர் ஒருவர்தான். மாலையானால் சதுரங்கம் ஆட இறங்கி வருவார்.

அவர் தன் அப்பாவின் காரைக் கண்காட்சியில் ஒரிஜினல் வரிசையில் நிறுத்த ஆசைப்பட்டார். அதற்கு அவன் கையெழுத்து வேண்டும்.

"பார்க்கவே வேணாம்ப்பா. அப்பா ஒரு கீறல் விழ விட்டதில்ல."

பார்க்காமல் எழுதிக் கொடுத்து அவனுக்குப் பழக்கமில்லை. இடது கதவின் அடிப்பகுதியில் காந்தம் ஒட்டாமல் நழுவியது. ரப்பர் பட்டையை விலக்கினால் உள்ளே வேறொரு நீலம். என்றோ இடிபட்டதைக் காந்தம் ஒட்டாத பட்டி பூசி மறைத்திருந்தார்கள்.

"அண்ணே, கதவு அடி வாங்கியிருக்கு."

"எங்கப்பா பொய் சொன்னாருங்கிறியா?"

"கதவைத்தான் சொல்றேண்ணே."

"நமக்குள்ள இதுகூடவா செய்ய மாட்டே?"

'புதுப்பித்தது' என்றே எழுதிக் கொடுத்தான். அதன்பிறகு அவர் இறங்கி வரவில்லை.

கண்காட்சியில் புதுப்பித்த வரிசையில் நின்று, அவர் அந்தக் கதவையே துடைத்துக்கொண்டிருந்தார். அவன் மெல்ல அருகில் போனான். ஆறுதலாகத்தான் ஆரம்பித்தான்.

"பட்டி வெச்ச கை சாதாரணக் கை இல்லண்ணே. கண்ணால பார்த்தா தெரியவே தெரியாது."

அவர் துணியோடு வண்டியின் மறுபக்கம் போய்விட்டார். சொன்னதில் என்ன தப்பு என்று அவனுக்கு விளங்கவில்லை. கேட்கவும் ஆளில்லை.