காலஞ்சென்ற என்று போடாத பெயர்

அப்பாவின் மரண அறிவித்தல் வெளியான அன்றே போன்கள் வரத் தொடங்கிவிட்டன. துக்கம் விசாரிக்க எடுத்தவர்கள், இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டு, ஒரு பிழை விட்டிருக்கிறீர்கள் பிள்ளை என்றார்கள். அப்பாவின் பெற்றோரின் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று இருக்கிறது. தங்கச்சியாரின் பெயருக்கு முன்னாலும் இருக்கிறது. அப்பாவின் தமையனார், எங்கள் பெரியப்பாவின் பெயருக்கு முன்னால் மட்டும் இல்லை. உயிரோடு இருந்தால் அவருக்கு இப்போது நூறு வயது, மனுசனை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று இங்கே கனடாவில், ரூஜில் இருக்கும் மாமா பகிடியும் விட்டார். இந்த நினைவு மலரை அச்சடித்தவரும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். அது அச்சுப் பிழை அல்ல. முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்து இதைக் கையில் வாங்கும் உங்களுக்குக் காரணம் சொல்வது மூத்த மகளான என் கடமை. பேய் பிசாசுக் கதைகளுக்கு நான் எவ்வளவு எரிந்து விழுவேன் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் என்னையே எழுதச் சொல்லித் தம்பி விட்டுவிட்டான் போலும்.

அப்பா மலாயாவில் சிரம்பானில் பிறந்தவர். அவருடைய தகப்பனாருக்கு றெயில்வேக் கந்தோரில் வேலை. பெரியப்பா அப்பாவைவிட நன்றாக மூத்தவர், தம்பியைத் தோளில் ஏற்றிக்கொண்டே திரிந்தவர். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்த பிறகு, வெள்ளைக்காரனை இந்தியாவிலிருந்து துரத்துவதற்கென்று அங்கிருந்த இந்தியர்களையும் தமிழர்களையும் சேர்த்து ஒரு விடுதலைப் படை திரட்டினார்கள். யாழ்ப்பாணத்துப் பெடியனுக்கு இந்தியாவின் சுதந்திரத்தில் என்ன வேலை என்று தகப்பனார் ஏசினாராம். பெரியப்பா கேட்கவில்லை. பர்மாப் பக்கம் போகிற ரயிலில் ஏறிப் போனவர் போனவர்தான்.

யுத்தம் முடிந்து திரும்பி வந்த அவருடைய கூட்டாளிகள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். இம்பாலுக்குப் போகிற மலைப் பாதையில் குண்டு பட்டு விழுந்ததைத் தன் கண்ணால் கண்டதாக ஒருவர் சொன்னார். பின்வாங்கி வரும்போது காய்ச்சலோடு ஆற்றங்கரையில் இருத்திவிட்டு வந்தோம் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் அதற்கும் பிறகு ரங்கூனில் அவரோடு தேத்தண்ணி குடித்ததாகச் சத்தியம் பண்ணினார். யாரை நம்புவது? உடலும் இல்லை, நாளும் இல்லை. நாள் தெரியாவிட்டால் திதியும் இல்லை. குடும்பம் கப்பலேறி யாழ்ப்பாணத்தில் அளவெட்டிக்கு வந்த பிறகும் அப்பாவின் தாயார் ஒரு கிரியையும் செய்ய விடவில்லை. உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தால் அது கொலை என்று சொல்லி, நிச்சயமான ஒரு நாள் தெரியாமல் செய்வதில்லை என்று அப்பாவிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கண்ணை மூடினா.

அப்பா படித்து நில அளவையாளரானார். அம்மாவைக் கைப்பிடித்தார், என்னையும் தம்பியையும் பெற்றார், இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடைசியில் கனடா வந்து சேர்ந்தார். பார்க்டேலில் ஒற்றை அறையில் நாங்கள் நாலு பேரும் இருந்த காலத்தில் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார். படித்த படிப்புக்கு இந்த வேலையா என்று ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை. புதிதாக வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு பனிக்குள் கந்தோர் கந்தோராக ஏறி இறங்குவார். அப்படி அவர் கையைப் பிடித்து நடந்த பலர் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள்.

தம்பி மோர்னிங்சைட்டில் வீடு வாங்கிய பிறகு பேஸ்மென்ட் அப்பாவின் இராச்சியமாகியது. அந்தப் போரைப் பற்றி நூலகத்தில் இருந்ததெல்லாம் அவர் வாசித்தார். வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதியது, ஜப்பான் சிப்பாய்கள் எழுதியது, திரும்பி வந்த நம்மவர்கள் எழுதியது, எதையும் விடவில்லை. சுவர் நிறைய இந்திய-பர்மா எல்லையைத் தன் கையால் வரைந்து வைத்திருந்தார். அவருக்குக் கொடியும் கோஷமும் தேவையில்லை. எந்தப் பிரிவு எந்த ஆற்றைக் கடந்தது, அரிசி எங்கே நின்றுபோனது, மழை எப்போது பிடித்தது, இதுதான் அவருடைய கதை. மழைக்கு முன் இம்பால் விழுந்துவிடும் என்று நம்பி, போர்வையையும் நுளம்பு வலையையும் பின்னால் விட்டுவிட்டுப் போன பிரிவுகளைப் பற்றிச் சொல்லும்போது அந்தப் பாதையை விரலால் திரும்பத் திரும்பத் தடவுவார். தமையனின் பிரிவு அழிந்த நாளைக் கண்டுபிடித்தால் திதியைக் கண்டுபிடிக்கலாம் என்பதே அவருடைய நோக்கம். அந்த ஒரு நாளுக்காகத்தான் அத்தனை வருசமும் வாசித்தார்.

இனி எழுதப்போவது எங்கள் வீட்டுக்குள் மட்டும் இருந்த விசயம். ஆனி, ஆடி மாதங்களில் மழை பிடித்தால் அப்பாவுக்குக் காய்ச்சல் வரும். ஒருநாள் விட்டு ஒருநாள், நடுக்கத்தோடு வருகிற முறைக்காய்ச்சல். டொக்டர் இரத்தத்தைச் சோதித்துவிட்டு ஒன்றும் இல்லை என்பார், அண்மையில் எந்த நாட்டுக்குப் போய் வந்தீர்கள் என்றும் கேட்பார். அப்பா மோர்னிங்சைட்டைத் தாண்டிப் போயிருக்கமாட்டார். போர்வையைப் போர்த்தினால் தள்ளிவிடுவார், போர்வையெல்லாம் பின்னால் நின்றுபோச்சு என்பார். உள்ளங்கால் இரண்டும் நாள்கணக்காகத் தண்ணீருக்குள் நின்றவை போல வெளிறிச் சுருங்கிப்போய் இருக்கும். அம்மா நல்லெண்ணெய் பூசிவிடுவா. காய்ச்சல் விட்டதும் அப்பா எழும்பிப் போய், சுவரில் இருக்கிற படத்தில் ஓர் இடத்தைத் தொட்டு, அண்ணை இப்ப இங்கே நிற்கிறார் என்பார். நின்றார் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

தம்பிக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சில வருசங்களுக்கு முன் ஓர் ஆடி அமாவாசையன்று கோயிலில் ஐயர் முன்னோரின் பெயர்களைக் கேட்டபோது, அப்பாவின் பெற்றோரோடு பெரியப்பாவின் பெயரையும் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டான். அப்பா சுகப்படவேண்டும் என்ற எண்ணம்தான் அவனுக்கு. வீட்டுக்கு வந்து உண்மையைச் சொன்னான். அப்பா ஏசவில்லை, சாப்பிடவும் இல்லை. அடுத்த வருசம் மழை வந்தது, காய்ச்சல் வரவில்லை. நாங்கள் சந்தோசப்பட்டோம். அப்பா சுவரின் முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்து குழந்தைப் பிள்ளை மாதிரி அழுதார்.

“காய்ச்சல் வராட்டில் அவர் எங்க நிக்கிறார் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?” என்று தம்பியைப் பார்த்துக் கேட்டார். அதற்குப் பிறகு அவனோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டார். ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு தகப்பனும் மகனும் தேவைக்கு மட்டும் கதைப்பதைப் பார்த்து அம்மா உருகிப்போனா.

இந்த ஆனியில் அப்பா வைத்தியசாலையில் இருந்தபோது நடுக்கத்தோடு அந்தக் காய்ச்சல் திரும்ப வந்தது. டொக்டர்மார் சளிக்காய்ச்சல் என்றார்கள், இருக்கலாம். ஆனால் அப்பாவின் முகம் தெளிந்துவிட்டது. கட்டிலில் ஒரு பக்கமாக ஒதுங்கி, இன்னொருவருக்கு இடம் விட்டுப் படுத்தார். தம்பியைக் கிட்டக் கூப்பிட்டு, “அண்ணைக்கு உன்னில கோவம் இல்லையாம். பசிதானாம்” என்றார். அன்று பின்னேரம் எங்கள் மூவரின் கையிலும் அமைதியாகப் போய்ச் சேர்ந்தார்.

மரண அறிவித்தலில் பெரியப்பாவுக்கு ‘காலஞ்சென்ற’ போடவேண்டாம் என்று மறித்தது அம்மா. அந்தரத்தில் நிற்கிற மனுசனை வழியனுப்பிவைக்கவேண்டும், எட்டாம் நாள் எட்டுச் செலவுப் படையலில் அவருக்கும் ஓர் இலை போடுவோம், பிறகு மலரில் அந்தச் சொல்லைப் போடலாம் என்று முடிவுகட்டியது நான். தம்பி பயந்தான். செய்த பிழையைத் திரும்பவும் செய்யச் சொல்லுறியா அக்கா என்று கேட்டான். நான் விடவில்லை.

நன்றி சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டேன். அப்பாவைப் பராமரித்த வைத்தியர்கள், தாதியர்கள், சாப்பாடு கொண்டுவந்த அயலவர்கள், கிரியைகளை நடத்திய ஐயர், தூர நாடுகளிலிருந்து வந்த உறவுகள், பொறுமையோடு இந்த மலரை அச்சடித்தவர், எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. எட்டுச் செலவுக்கு வந்தவர்களுக்குத் தனியாக நன்றி சொல்லவேண்டும். அன்று கண்டதை நீங்கள் வெளியில் கதைக்கவில்லை. மற்றவர்களுக்காக நானே எழுதிவிடுகிறேன்.

இரண்டு இலையிலும் சோறு கறி படைத்து, பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீரும் வைத்து, வழக்கம்போல அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றோம். நல்ல மழை. உள்ளே ஒருவரும் இல்லை, யன்னலும் பூட்டு. கொஞ்ச நேரத்தில் உள்ளே செம்பு நிலத்தில் உரசிய சத்தம் கேட்டது. கதவைத் திறந்தபோது அப்பாவின் இலையில் வைத்தது வைத்தபடி இருந்தது. இறந்தவர்கள் வாசத்தை மட்டும்தான் எடுப்பார்கள் என்று நாங்கள் கேட்டு வளர்ந்தது அப்படியே சரியாக இருந்தது. பக்கத்து இலையில் ஒரு சோறு இல்லை. குழம்பை விரலால் வழித்த தடம் மட்டும் இலையில் ஈரமாக இருந்தது. செம்பில் ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லை.

சாப்பிடுகிற மனுசனின் பெயருக்கு முன்னால் அந்தச் சொல்லைப் போட என் கை வரவில்லை. தம்பி சுவரில் சாய்ந்து நின்று அழுதான். நான் வாசலைத் தாண்டவில்லை. அம்மாதான் சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனா. அந்த இலைக்கு முன்னால் குந்தி, இன்னும் இரண்டு அகப்பை சோறு போட்டா.

“ஆறுதலாச் சாப்பிடுங்கோ,” என்றா. “இனி உங்களை ஒருத்தரும் எழும்பி நடக்கச் சொல்லமாட்டினம்.”