பட்டாபிராமன் வீட்டுப் பவளம்

மீன் தொட்டி என்று சொன்னால் பட்டாபிராமன் சாருக்குப் பொறுக்காது. மீன் வந்து போகிற விருந்தாளியாம், வீடு பவளத்துக்குத்தான் சொந்தமாம். இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிற்று. அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். அந்தத் தொட்டியின் மோட்டார் சத்தத்தில்தான் இத்தனை நாளும் நான் பரீட்சைத் தாள் திருத்தியிருக்கிறேன்.

உண்மையில் தொட்டி அவருடையதில்லை, மகன் பிரணவ் வைத்தது. பொத்தேரியில் படிக்கப் போன பிள்ளை, கூடப் படித்த ஜேசனோடு சேர்ந்து இந்தப் பைத்தியத்தைப் பிடித்துக்கொண்டு வந்தான். முதலில் கட்டைவிரல் அளவுக் கல்லில் ஒட்டியிருந்த, உயிருள்ள ஒரு பவளத் துண்டுதான். கடலில் பிடுங்கியதில்லை, தொட்டியிலேயே வளர்த்தது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சத்தியம் செய்வான். அது கல் முழுக்கப் படர்ந்தது. ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரு பூ. ஒவ்வொரு பூவும் கைக்குழந்தை விரல்களை மூடித் திறப்பதுபோல் மூடித் திறந்துகொண்டே இருக்கும். பொய் ஏன் சொல்ல வேண்டும், எனக்கே ஆசையாக இருக்கும்.

பிரணவை ஓர் ஐப்பசி மழைக்காலத்தில் டெங்கு கொண்டுபோய்விட்டது. இதை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.

அதற்குப் பிறகு அவன் அம்மா ரோஹிணி அந்த அறைப் பக்கமே போகவில்லை. சார் திருமுடிவாக்கத்தில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிற மனுஷர். கடல் தண்ணீரைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? உப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு, விளக்கு எத்தனை நேரம் என்று ஜேசனைப் போனில் பிய்த்து எடுத்துக் கற்றுக்கொண்டார். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் தொட்டிக்கு மட்டும்தான். சார் பேப்பரை மடித்து விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவன் வைத்ததில் இது ஒன்றாவது உயிரோடு இருக்கிறதே என்று என் கணவர் லாசரஸிடம் ஒருமுறை சொன்னாராம். அதை ரோஹிணியிடம் சொல்லச் சாருக்குத் தைரியமில்லை.

இந்தச் சித்திரையில் கோயம்புத்தூரில் அவருடைய அக்கா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். கூட இருந்து பார்க்க வேறு ஆள் இல்லை. ரோஹிணிக்கு முட்டிவலி, பயணம் ஆகாது. வேறு வழியில்லாமல் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: வெயிலுக்குத் தண்ணீர் ஆவியாகிக் குறையும், உப்பு குறையாது, அதனால் வடிகட்டின நல்ல தண்ணீரைக் காலையும் மாலையும் தொட்டியில் போட்டிருக்கிற கோடு வரைக்கும் ஊற்றினால் போதும். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டே கேட்டாள்.

ஆனால் அவர் போன சில நாளில் ஒரு சாயங்காலம் நான் எட்டிப் பார்த்தால், தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"இங்க வாங்க சரோக்கா. கையை எப்படி மூடி மூடித் திறக்குது பாருங்க. பொறந்த புதுசுல பிரணவும் இப்படித்தான் பண்ணுவான்."

அழவில்லை, சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! அன்றைக்கு ஜெபத்தில் ஆண்டவருக்கு அதற்கென்றே தனியாக நன்றி சொன்னேன்.

சார் திரும்பி வந்தபோது பூவெல்லாம் மூடிக் கிடந்தது. தொட்டியிலிருந்த இறாலும் நத்தையும் செத்திருந்தன. மீன்கள் மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் சுற்றிக்கொண்டிருந்தன. உப்பு சரி, சூடு சரி. மனுஷர் ஒரு பாட்டிலில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு ஜேசனிடம் ஓடினார். அவன் சோதித்துப் பார்த்து, தண்ணீரில் செம்பு கலந்திருக்கிறது என்றான். மீன் கொஞ்சம் தாங்கும், பவளத்துக்குத் துளி போனாலும் விஷம். கல்லும் மணலும் அதை உறிஞ்சியிருக்கும், இனி இந்தத் தொட்டியில் பவளம் வைக்கவேண்டாம் அங்கிள் என்றும் சொல்லி அனுப்பினான்.

சார் மோட்டாரைக் கழற்றிப் பார்த்தார், ஒயரைப் பிரித்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. மறுநாள் காலை காபிக்காகச் சமையலறைக்குப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். ரோஹிணி செம்புக் குடத்திலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். வடிகட்டின தண்ணீரை ராத்திரியே குடத்தில் ஊற்றிவைத்து விடிந்ததும் குடிப்பது அந்த வீட்டு வழக்கம், உடம்புக்கு நல்லதென்று. பிள்ளைக்குக் கொடுத்த தண்ணீரையே பிள்ளை வளர்த்ததற்கும் கொடுத்திருக்கிறாள்.

சார் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். "இப்பதான் அவ சிரிச்சா, டீச்சர். இதை எந்த வாயால சொல்லுவேன்?"

சொல்லவில்லை. பவளத்துக்கு வயதாகிவிட்டது என்று ஏதோ மழுப்பினார். அது நாளுக்கு நாள் சளிபோல் கரைந்து கல்லை விட்டுப் போயிற்று. ரோஹிணி அதை உட்கார்ந்து பார்த்தாள். பிறகு சமைப்பதைக் குறைத்தாள், சாமி விளக்கைச் சாரையே ஏற்றச் சொன்னாள். ஏன் இப்படிப் பண்ணுகிறாய் என்று ஒருநாள் நான் சத்தம் போட்டேன்.

"என் கைக்கு ராசியில்லக்கா. நான் தொட்டது எதுவும் தங்காது. அவன் தங்கினானா?"

சார் அங்கேயே இருந்தார். அதற்குமேல் அவரால் தாங்கமுடியவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உன் கை இல்ல ரோஹிணி. அந்தக் குடம்" என்றார். செம்பு பவளத்துக்கு ஆகாது என்பதை, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார். தெரியாமல் நடந்தது, உன்மேல் குற்றமே இல்லை என்றார். அப்பாடா, சொல்லிவிட்டார் என்று எனக்கும் மூச்சு வந்தது.

ரோஹிணி முழுக்கக் கேட்டாள். எழுந்து போய்க் குடத்தை எடுத்துவந்து எங்கள் நடுவில் வைத்தாள்.

"காய்ச்சல்ல கெடந்தப்ப அவனுக்கும் இதுலேர்ந்துதானே குடுத்தேன்?"

ஐயோ, அது மனுஷனுக்கு நல்லதும்மா, டெங்கு என்று டாக்டர்தானே சொன்னார் என்று அவர் சொன்னார். நானும் சொன்னேன். இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தோம். அவள் குடத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் தாம்மான்னு கேட்டுக் கேட்டு வாங்கிக் குடிச்சான்" என்றாள்.