ஜீப்பைக் கண்டதும் காலியான பருத்திக்காடு

2020 சித்திரை மாதம். கொரோனா ஊரடங்கு தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. எம். புதுப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பருத்தி ஆராய்ச்சிப் பண்ணையில் களப்பணிகளை மேற்பார்வை செய்யும் வேலை எனக்கு. விவசாய வேலைக்குத் தடையில்லை என்று அனுமதிச் சீட்டு தந்திருந்தார்கள். ஆனால் எங்கள் வேலையாட்கள் தூரத்து ஊர்களிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். பஸ் ஓடவில்லை. ஆராய்ச்சியை நடத்திவந்த விஞ்ஞானி அம்மா கோயம்புத்தூரில் மாட்டிக்கொண்டார். தினமும் சாயங்காலம் போன் செய்து, "மொட்டு எந்த அளவுக்கு வந்திருக்கு?" என்று மட்டும் கேட்பார்.

மாசியில் கிணற்றுப் பாசனத்தில் விதைத்த பருத்தி அது. மழை குறைந்தாலும் தாங்குகிற ஒரு நாட்டு ரகத்தையும் நல்ல இழையுள்ள இன்னொரு ரகத்தையும் கலக்க வேண்டும். தாய்ச் செடியின் மொட்டில் உள்ள மகரந்தப் பைகளைச் சாயங்காலமே நகத்தால் கிள்ளி எடுத்துவிட்டு, அதன்மேல் சின்னக் காகிதக் குழலை மாட்ட வேண்டும். மறுநாள் காலையில் மற்ற ரகத்தின் பூவைப் பறித்துவந்து அதில் தடவ வேண்டும். வெயில் ஏறினால் பூந்தூள் வீணாகிவிடும். பூக்கும் அந்தச் சில வாரங்களைத் தவறவிட்டால் ஒரு வருட உழைப்பு போய்விடும். நான் ஒருவன் எத்தனை மொட்டைக் கிள்ள முடியும்?

பண்ணைக் கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்க வந்த ஒரு பெண்தான் கேட்டார், "சார், இங்கன வேலை எதுவும் இருக்கா? கம்பெனி பூட்டிக் கெடக்கு." பட்டாசு கம்பெனியில் சரம் பின்னுகிறவர். மெல்லிய திரிகளைக் கையாண்டு பழகிய விரல்கள். ஆட்களைச் சேர்த்துத் தர முடியுமா என்று கேட்டேன். "எம்புட்டுப் பேரு வேணும்?" என்றார்.

கூட்டம் கூடக் கூடாது என்பதுதான் என் கவலை. அவருக்கு அது கவலையாகவே தெரியவில்லை. "நாலு பேருக்கு ஒரு ரூமு சார். எங்களுக்குப் பழக்கந்தான்" என்றார். பட்டாசு கம்பெனியில் ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது, அறைக்கும் அறைக்கும் நடுவே நல்ல இடைவெளி வேண்டும் என்பது விதி. மறுநாளே ஆட்களோடு வந்து, சணல் கயிறு கட்டிக் காட்டையே அறைகளாகப் பிரித்துவிட்டார்கள். முதல் நாள், கம்பெனியில் செய்வதுபோலவே செல்போனையும் ஊக்கையும் கழற்றி வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு உள்ளே போனார்கள். "இங்க ஒண்ணும் தீப்பிடிக்காதும்மா" என்றேன். "இருக்கட்டும் சார், கை சும்மா இருக்க மாட்டேங்குது" என்று சிரித்தார் ஒருவர்.

முதல் நாள் பாதி மொட்டைக் கெடுத்தார்கள். இரண்டொரு நாளில் கை பழகிவிட்டது.

வாரக் கடைசியில் ஒரு நாள் காலை. பறித்த பூக்களை ஈரத்துணியில் சுற்றிக் கூடையில் வைத்துவிட்டு, ஓர் அறைக்கு எடுத்துப் போனேன். வண்டிப்பாதையில் ஜீப் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். காட்டில் ஒருவர்கூட இல்லை. கயிறுகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன.

வந்தவர் சுகாதார ஆய்வாளர். கூட்டம் சேர்த்து வேலை வாங்குவதாக யாரோ புகார் சொல்லியிருந்தார்களாம்.

"என்ன சார், ஆளுகள எங்க ஒளிச்சு வச்சிருக்கீக?"

"நான் ஒளிக்கல சார். அவுகளாத்தான் ஓடிட்டாக."

"தப்பு இல்லைன்னா எதுக்கு ஓடணும்? வேலைய நிப்பாட்டுங்க."

கூடையில் பூ வாடிக்கொண்டிருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. காட்டை ஒட்டிய ஓடைப் பக்கம் பார்த்துச் சத்தமாகக் கூப்பிட்டேன். கருவேலங்காட்டுக்குள்ளிருந்து சரம் பின்னுகிறவர் மூன்று பேரோடு வந்தார்.

"நாங்க நாலு பேருதான் சார்."

"அப்ப அந்த முள்ளுக்குப் பின்னாடி தெரியிற சேலை?"

"அது அடுத்த ரூமு சார். அங்கனயும் நாலு பேருதான்."

"ரூமா? காட்டுக்குள்ளயா?"

கயிறுகளைக் காட்டினேன். ஆய்வாளர் வரப்பில் நடந்து போய் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கை கழுவத் தொட்டியில் வைத்திருந்த சோப்புத் தண்ணீரையும் பார்த்தார். பிறகு முகக்கவசத்துக்குள் சிரிப்பது தெரிந்தது.

"எங்க மதினியும் கம்பெனிக்குப் போறவுகதான்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஓடைப் பக்கம் திரும்பிக் கத்தினார். "யம்மா, எல்லாரும் வாங்க. நான் பட்டாசு ஆபீசர் இல்ல. கொரோனா ஆபீசர்."

"அது அதவிட மோசமாச்சே" என்று முள்ளுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

எல்லோரும் வந்து அவரவர் அறைக்குள் போனார்கள். சரம் பின்னுகிறவரிடம் கேட்டேன், "நீங்கதான் கணக்கா நாலு பேரு இருந்தீங்களே, ஏம்மா ஓடினீங்க?"

"சில கம்பெனியில அஞ்சாவதா ஒரு ஆள உக்காத்தி வைப்பாக சார். செக்கிங் ஜீப்பு வந்தா அஞ்சாவது ஆளு பின்வாசல் வழியா ஓடணும். சத்தம் கேக்கையில நாம எத்தனாவதுன்னு நின்னு எண்ணிக்கிட்டா இருப்போம்? காலு தானா ஓடுது."

ஆய்வாளர் கேட்டுக்கொண்டிருந்தார். கிளம்பப் போனவர், ஜீப்பை அணைத்துவிட்டு வேப்பமர நிழலில் உட்கார்ந்தார். "பூத் தடவி முடிக்கிற வரைக்கும் இருக்கேன். ஜீப்பு பக்கத்துல நின்னாலும் வேலை நடக்கும்னு இவுக பாத்துக்கிடட்டும்" என்றார். முதலில் ஒரு கண் பூவிலும் ஒரு கண் ஜீப்பிலுமாகத்தான் வேலை நடந்தது. கொஞ்ச நேரத்தில் பேச்சுச் சத்தம் கேட்கத் தொடங்கியது. ஒருவர், "சார், சும்மாதான உக்காந்திருக்கீக, ஒரு ரூமுல மூணு பேருதான் இருக்கோம்" என்று அவரையே வம்புக்கு இழுத்தார். வெயில் உறைப்பதற்குள் கூடை காலியானது.

அன்று சாயங்காலம் விஞ்ஞானி அம்மா போன் செய்தபோது, ஒரு பூவும் வீணாகவில்லை என்று சொன்னேன். ஆனியில் காய் வெடித்து விதை எடுத்தோம். அதற்குள் கம்பெனிகள் திறந்து அவர்கள் வேன் ஏறிப் போய்விட்டார்கள். அந்த விதையின் வாரிசுகள் இன்றும் எங்கள் பண்ணையில் நிற்கின்றன. பாத்திகளை இப்போதும் ரூம் என்றுதான் சொல்கிறோம்.

பண்ணைக்கு எந்த வண்டி வந்தாலும், வந்தவரைப் பார்ப்பதற்கு முன்னால், குனிந்து வேலை செய்கிறவர்களில் யாராவது திடுக்கிட்டு நிமிர்கிறார்களா என்று பார்ப்பேன். ஒருவரும் நிமிரவில்லை என்றால், வேலை ஒழுங்காக நடக்கிறது என்பதற்கு எனக்கு அதுவே போதும்.