அரை வரியில் மாட்டிய முள்

நாலு இருபதுக்கு நான் கேட்டைத் திறக்கும்போதே பாட்டு கேட்டது. அரை வரிதான். பாடகன் ஓங்கிக் கூவி, சட்டென்று அறுந்து, மறுபடி அதே இடத்திலிருந்து கூவினான்.

அது என் மகளின் இசைத்தட்டு. ஆசிரமப் பக்கம் குடியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது சாமான்களை விற்றார். பிளேயரோடு சேர்த்து இதையும் வாங்கி வந்தாள். ஏதோ ஆங்கிலப் படத்துக்காக ஒரு ராக் பாடகர் பாடிய பாட்டுகள். உறையின் மூலையில் யாரோ ஒரு பெண் தன் பெயரை எழுதி, பிறகு அடித்திருந்தாள். அது எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. தட்டின் இரண்டாம் பக்கத்தில் ஒரு கீறல். முள் அங்கே மாட்டினால் நகராது. அவள்தான் ஓடிவந்து தூக்கிவிடுவாள்.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. வாசலில் அவள் செருப்பு. கட்டில்மேல் போன் அணைந்து கிடந்தது. கூப்பிட்டேன். மாடியிலும் இல்லை.

காலையில் சண்டை. நுழைவுத் தேர்வில் இரண்டாம் முறையும் மார்க் கம்மி. “இந்தக் கத்தலைக் கேக்கவா உன்னை வீட்ல வச்சிருக்கேன்? நீ இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்” என்று சொல்லிவிட்டு வேங்கிக்கால் ஆபீசுக்குப் போய்விட்டேன். சொன்ன வார்த்தை அங்கே உட்கார விடவில்லை. பர்மிஷன் போட்டுத்தான் சீக்கிரம் வந்தேன்.

எதிர்வீட்டு அக்காவிடம் ஓடினேன்.

“மூணு மணிக்கு நான் எழுந்தப்பவே இந்தப் பாட்டு ஓடிட்டிருந்துச்சு. பொண்ணைப் பாக்கல. செருப்பை விட்டுட்டுப் போயிருக்குன்னா மலை சுத்தப் போயிருக்கும்.”

“பௌர்ணமி கூட இல்லையேக்கா.”

“ஏன், மத்த நாள்ல மலை எழுந்து எங்கயாவது போயிடுதா? உக்காரு, காபி போடறேன்.”

அவர் உள்ளே போனதும் நான் திரும்பி வந்து, எங்கள் வாசலோரம் தரைக்குள் கட்டிய தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தள்ளினேன். பாதித் தண்ணீர். என் முகம் தெரிந்தது. துணி உலர்த்தும் கொம்பை உள்ளே விட்டு, புடவை தொப்பலாக நனைய நாலு மூலையும் துழாவினேன். கொம்பு ஒவ்வொரு முறை தரையைத் தட்டியபோதும் எனக்கு உயிர் போய் வந்தது. இதை இன்றுவரை அவள் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை.

பிறகு உள்ளே போய் பிளேயர் முன்னால் உட்கார்ந்தேன். அக்கா கொண்டுவந்த காபி ஆறிப்போனது. நிறுத்தச் சொன்னார். முடியவில்லை. அவள் கடைசியாகத் தொட்டது அந்த முள். அதை நான் எடுத்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று தோன்றியது.

ஆறரைக்கு கேட் சத்தம். அவள்தான். வெறுங்கால், பாதமெல்லாம் புழுதி, நெற்றியில் விபூதி. என்னைத் தாண்டிப் போய் முள்ளைத் தூக்கினாள். வீடு ஓய்ந்தது.

“ரெண்டு மணிக்கு கரண்ட் போச்சும்மா. பாட்டு பாதியில நின்னுடுச்சு, போன்ல சார்ஜும் இல்ல. ஒரு சுத்து போயிட்டு வரலாம்னு கிளம்பிட்டேன். சுவிட்சை அணைக்க மறந்துட்டேன் போல, கரண்ட் வந்ததும் தானா ஓடியிருக்கு.”

என் ஈரமான புடவையைப் பார்த்தாள். பிறகு வாசல் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியது.

“தொட்டியை ஏம்மா திறந்து வச்சிருக்க?”