பன்னிரண்டுக்கு மேலே

கரமனையில் எங்கள் வீட்டுக்கு அந்த மூச்சுக் கருவி வந்தபோது எனக்கு ஐம்பத்தோரு வயது. தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருகிறது என்று பரிசோதனையில் தெரிந்திருந்தது. மூக்கில் மாட்டும் முகமூடி வழியாகக் கருவி காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைத்திருக்கும். தேவைக்கேற்பக் கருவியே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் அழுத்தம் ஆறுக்குக் குறையாமலும் பன்னிரண்டைத் தாண்டாமலும் இருக்கும்படி டாக்டர் வரம்பு வைத்துக் கொடுத்தார்.

நான் குடிநீர்க் குழாய்களோடு இருபத்தைந்து வருஷம் மல்லுக்கட்டிய பொறியாளன். மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றால் பம்பில் அழுத்தத்தைக் கூட்டுவோம். காலையில் கருவியின் திரையைப் பார்த்தால் அழுத்தம் பன்னிரண்டிலேயே முட்டி நின்றிருக்கும். மூச்சுத் தடையும் குறைந்தபாடில்லை. வரம்புதான் போதவில்லை என்று முடிவுகட்டினேன். டாக்டர் மட்டும் மாற்றக்கூடிய அமைப்புகளைத் திறப்பது எப்படி என்று இணையத்தில் தேடி, பன்னிரண்டைப் பதினெட்டாக்கினேன். மனைவியிடம் சொல்லவில்லை.

ஒரே வாரத்தில் வயிறு உப்பிக்கொண்டது. முகமூடியின் ஓரத்தில் காற்று சீறிக் கண்கள் சிவந்தன. அலுவலகக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் தூங்கி விழுந்தேன்.

"ராத்திரி ரெண்டு இட்லிதானே தின்னீங்க? வயிறு எப்படி இப்படி ஊதும்?" என்றாள் மனைவி.

வாயு என்றேன். அவள் ஓமம் கொதிக்கவைத்துத் தந்தாள். முகத்தைப் பார்க்காமல் குடித்தேன்.

அடுத்த பரிசோதனைக்கு இருவரும் போனோம். டாக்டர் மலையாளி, எங்களுக்காகத் தமிழ் கலந்து பேசுவார். கருவியின் கார்டைக் கணினியில் போட்டவர் நிமிர்ந்தார்.

"சாரே, இது ஆரு மாத்தினது?"

"நான்தான்."

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"காத்து கூடுனா தொண்டைக்கு மாத்திரமில்லல்லோ, வயித்துக்கும் போகும். சார் வாயைத் திறந்து உறங்குறீங்க. காத்தெல்லாம் அது வழி வெளியே போகுது. அதான் மிஷின் கூட்டிக் கூட்டிப் பாத்திருக்கு."

வாயையும் சேர்த்து மூடும் முகமூடி ஒன்றை அவரே மாட்டி, வாரை இழுத்துச் சரிசெய்தார். வரம்பை மறுபடி பன்னிரண்டாக்கினார். "ரெண்டு வாரம் பாக்கலாம். வேணும்னா ஒண்ணு கூட்டலாம். ஒண்ணு மட்டும்."

பஸ் நிறுத்தத்தில் மனைவி கேட்டாள்: "என்கிட்ட எதுக்கு மறைச்சீங்க?"

என் அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுப் படுத்தவர், எழுந்திருக்கவே இல்லை. அவருக்கும் என்னைப் போலவே பெரிய குறட்டை. அந்தப் பன்னிரண்டைப் பார்த்த காலைகளிலெல்லாம் அவர் ஞாபகம்தான்.

"பயந்துட்டேன். அண்ணனுக்கு ஆனது மாதிரி ஆயிருமோன்னு."

"அந்தப் பயம் எனக்கும் உண்டும்லா. நீங்க மூச்சு விடுகேளான்னு எத்தனை வருஷமா மூக்குக்கிட்ட கைய வச்சுப் பாத்திருக்கேன் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. அத்தனை வருஷமும் நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

கரமனை பஸ்ஸில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை கிடைத்தது. இறங்கும்வரை அண்ணனைப் பற்றிப் பேசினோம். அவர் இறந்தபின் நாங்கள் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது அழுத்தம் பத்தைத் தாண்டியிருக்கவில்லை.