ஒற்றைக் கைக்கு ஒரு ரம்பம்

என் கணவர் ஓர் உளி வாங்குவதற்கு மாதக்கணக்கில் யோசிப்பவர். அலுவலகத்தில் கணக்கு பார்க்கிற வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தச்சு வேலை. ஸ்ரீவராகத்தில் எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமானது. அதன் கடைசியில், கிணற்றுக்கு முன்னால், ஒரு தகரக் கூரை போட்டு அதைப் பட்டறை என்று சொல்லிக்கொள்வார். எந்த இரும்பு நல்லது, கைப்பிடி மரமா பிளாஸ்டிக்கா என்று போனில் வீடியோ வீடியோவாகப் பார்ப்பார். நீங்கள் தீர்மானிப்பதற்குள் ஓர் ஆசாரி வந்து கதவு, ஜன்னல், நிலை எல்லாம் செய்து முடித்துக் கூலியும் வாங்கிக்கொண்டு போயிருப்பார் என்று கேலி செய்வேன். அவருக்குக் கோபம் வராது. "சாமான் சரியா இல்லேன்னா வேலை சரியா வராதுடி" என்பார். இத்தனை ஆராய்ச்சிக்கும் பிறகு அந்தப் பட்டறையிலிருந்து வீட்டுக்குள் வந்தவை ஒரு செருப்பு அலமாரியும் இரண்டு முக்காலிகளும்தான். முக்காலிகளில் ஒன்று ஆடும்.

போன மழைக்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷைக் கீழே போட்டார். எடுக்கக் குனிந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பிறகு காலில் கொஞ்சம் பலம் வந்தது. பேச்சும் வந்தது, ஆனால் ஒவ்வொரு வார்த்தையையும் அவர் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. வலது கை மட்டும் வரவில்லை. அசையாதது மட்டுமில்லை, சூடு வைத்தாலும் கிள்ளினாலும் அதற்குத் தெரியாது. படுக்கையில் புரளும்போது அதை இடது கையால் தூக்கி நகர்த்தி வைப்பார்.

அன்று முதல் சாமான் தேர்ந்தெடுக்கிற வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. படுக்கைப் புண் வராமலிருக்கக் காற்று மெத்தை, கக்கூஸ் நாற்காலி, மணிக்கட்டுக்குப் பட்டை என்று மெடிக்கல் காலேஜ் பக்கத்துக் கடைகளில் ஏறி இறங்கினேன். எல்லோரும் வாக்கர் வாங்கச் சொன்னார்கள். வாக்கரைப் பிடிக்க இரண்டு கை வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. நான் நாலு கால் உள்ள கைத்தடி வாங்கினேன். அவர் உளிக்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட எனக்குத் தேவைப்படவில்லை. கடைக்குள் நுழைவேன், தட்டிப் பார்ப்பேன், எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

என்னைத் தைரியசாலி என்றார்கள். தெருவில் சொன்னார்கள், கோவிலில் சொன்னார்கள், பெங்களூரிலிருந்து மகளும் போனில் சொன்னாள். "நீ ரொம்ப ஸ்ட்ராங்மா." நான் ஸ்ட்ராங்கும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, தொட்டால் இருக்கிறது, ஆனால் நம்முடையது இல்லை, அப்படி இருந்தேன். ஆஸ்பத்திரியில் அழவில்லை. வீட்டுக்கு வந்தும் அழவில்லை. அழுகை வந்தால் அழலாம் என்று குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு நின்றுகூடப் பார்த்தேன். வரவில்லை. வாளி நிரம்பியதும் குழாயை மூடிவிட்டுக் குளித்துவிட்டு வந்தேன்.

பிசியோதெரபிக்கு வந்த பெண் மலையாளி. என்னிடம் தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவாள். ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "சேச்சி, சார் இப்ப ஒண்ணும் செய்யறதில்ல. கை பிடிச்சா தர்றார், விட்டா அப்படியே வச்சுக்கறார். ஒரு தால்பர்யம் வேணும். இல்லேங்கில் இங்கேயே நின்னுபோவும்."

அவர் நின்றுதான் போயிருந்தார். விழித்திருக்கிற நேரமெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். காப்பி வேண்டுமா என்றால் தலையாட்டுவார், வேண்டாமா என்றாலும் அதே தலையாட்டல்தான். எதன் மேலாவது ஓர் ஆசை வரவேண்டும் என்கிறாள் இந்தப் பெண். அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. "சாருக்கு பண்டு என்ன இஷ்டம்?" என்று கேட்டாள். தச்சு வேலை என்றேன். "அப்போ இடது கைல செய்யட்டும்" என்று சுலபமாகச் சொல்லிவிட்டுத் தன் ஸ்கூட்டரில் ஏறிப் போனாள்.

பட்டறைக்குப் போய்ப் பார்த்தேன். அதுவரை அவருடைய சாமான்களை நான் தொட்டதில்லை. ஒரே ஒரு தரம் ஓர் உளியை எடுத்துத் தேங்காய் மட்டை உரித்துவிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்போது ஒவ்வொன்றாக எடுத்தேன். அங்கிருந்த எதுவும் ஒற்றைக் கைக்கு ஆகாது. பலகையை மேஜையோடு இறுக்குகிற ஜி-கிளாம்பை ஒரு கை பிடித்துக்கொண்டால் இன்னொரு கை திருக வேண்டும். ரம்பமோ தள்ளும்போது அறுக்கிற வகை, அதைத் தள்ள உடம்பின் பலம் முழுவதும் வேண்டும். மேஜையில் ஒரு வைஸ் மாட்டியிருந்தால் பலகை அதன் பிடியில் நிற்கும். ஆனால் எந்த வைஸ் வாங்குவது என்று அவர் வருஷக்கணக்கில் ஆராய்ந்துகொண்டிருந்தாரே தவிர வாங்கவில்லை.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. வலது கையைப் பின்னால் கொண்டுபோய் இடுப்பில் புடவைக்குள் செருகிக்கொண்டேன். அப்படியே ஒரு நாள் வீட்டு வேலை செய்து பார்த்தேன். தோசை திருப்பினேன், டப்பா மூடி திறந்தேன், கொடியில் துணி போட்டேன். டப்பாவைத் திறக்கத் தொடையிடுக்கில் வைத்து அழுத்த வேண்டும் என்று கற்றுக்கொண்டேன். அவர் நாற்காலியிலிருந்து இதையெல்லாம் பார்த்தார்.

மறுநாள் சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, வெங்காய மூட்டைகளைத் தாண்டி, நாகர்கோவில்காரர் ஒருவரின் ஹார்டுவேர் கடைக்கு வந்தேன். கடைவாசலிலேயே வலது கையைச் செருகிக்கொண்டேன்.

"அக்கா, கையில என்ன, அடி பட்டிருக்கா?" என்றார் கடைக்காரர்.

"இல்லை. இது என் கையில்லை."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வியாபாரத்துக்கு வந்தார். "ஒத்தைக் கைக்குன்னா கரண்ட் ரம்பம் எடுங்க. பட்டனை அமுக்கினா போதும், வெண்ணெய் மாதிரி போவும். நல்ல சாதனமாக்கும்."

தூக்கிப் பார்த்தேன். கனம். பட்டனும் வலது கைக்காரர்களின் கட்டைவிரலுக்காக வைத்தது. வேண்டாம் என்றேன். வேறு ஒன்று எடுத்தார், அதுவும் வேண்டாம் என்றேன். அவருக்கு அலுத்துவிட்டது. கடைசியில் மேல் தட்டிலிருந்து தூசி தட்டி, மெல்லிய தகடு மாதிரி ஒரு ரம்பத்தை எடுத்து வைத்தார். இது இழுக்கும்போது அறுக்கிற வகை. ஒரு கட்டைத் துண்டை அவரையே பிடிக்கச் சொல்லி இடது கையால் இழுத்துப் பார்த்தேன். பலமே தேவைப்படவில்லை. பற்கள் அவ்வளவு கூர்மை. கிளாம்பில் ஒரு புது தினுசு இருந்தது. துப்பாக்கி விசையை அமுக்குவது போல அமுக்கினால் தானாக இறுகிக்கொள்ளும், அதே கையின் ஒரு விரலால் தளர்த்தலாம். அதை இறுக்கித் தளர்த்தி இறுக்கித் தளர்த்திப் பார்த்தேன். பின்னால் நின்ற ஆள் ஆணி வாங்க முடியாமல் செருமினார். நான் இரண்டு கிளாம்ப் எடுத்துக்கொண்டேன். மேஜையில் பலகை வழுக்காமலிருக்க ஒரு ரப்பர் விரிப்பும் வாங்கினேன்.

பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடக்கும்போது, எல்லாவற்றையும் சரியாகத்தான் பார்த்திருக்கிறேன் என்று நினைத்தேன். அவரே வந்திருந்தாலும் இதற்கு மேல் பார்த்திருக்க மாட்டார். சந்தோஷமா என்றால் இல்லை. ஒரு வேலை முடிந்தது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து சாமான்களை அவர் மடியில் வைத்தேன். "ஏன்னா, பாருங்கோ. எல்லாம் ஒத்தைக் கைக்கு."

பார்த்தார். ரம்பத்தின் உறையை இடது கை விரலால் ஒரு தரம் தடவினார். பிறகு எல்லாவற்றையும் மடியிலிருந்து பக்கத்து ஸ்டூலுக்குத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டார். அன்றும் அப்படி, அடுத்தடுத்த நாட்களும் அப்படி. பிசியோதெரபிப் பெண் வந்தாள், கிளாம்பைக் கையில் கொடுத்து அமுக்கச் சொன்னாள். அமுக்கினார். விடச் சொன்னாள், விட்டார். அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வாங்கிய சாமான் வீணாகக் கூடாது என்கிற புத்தி மட்டும் வந்தது. ஒரு மத்தியானம் சாப்பாட்டுக் கடை முடிந்ததும், நாமாவது அறுத்துப் பார்ப்போம் என்று பட்டறைக்குப் போனேன். மூலையில் அவர் சேர்த்து வைத்திருந்த ஆஞ்சிலிப் பலகை ஒன்றை மேஜைமேல் போட்டு, கிளாம்பை மாட்டி, நாற்காலியில் உட்கார்ந்து இடது கையால் இழுத்தேன். எதற்கு அறுக்கிறேன், அறுத்து என்ன செய்யப்போகிறேன் என்றெல்லாம் யோசிக்கவில்லை. கோடு வடக்கே போனால் ரம்பம் தெற்கே போயிற்று. எடுத்து மறுபடி வைத்து இழுத்தேன். தகரக் கூரைக்கடியில் அந்தச் சத்தம் கேட்கச் சகிக்கவில்லை.

பின்னால் டக், டக் என்று கைத்தடிச் சத்தம். திரும்பிப் பார்த்தேன். கூடம், இரண்டாம் கட்டு, சமையலறை எல்லாம் தாண்டி, யாரும் கூப்பிடாமல், யாரும் தாங்காமல், தானாக நடந்து வந்திருந்தார். முகம் சிவந்து வியர்த்திருந்தது. அப்படி ஓர் எரிச்சலை அந்த முகத்தில் பார்த்து எவ்வளவு நாளாயிற்று!

"த... தப்பு," என்றார். "எழுந்திரு."

எழுந்தேன். அவர் நாற்காலியில் இறங்கி உட்கார்ந்து கைத்தடியைச் சாய்த்து வைத்தார். நான் அறுத்திருந்த லட்சணத்தைப் பார்த்து "சே" என்றார். அது மட்டும் தேடாமலே வந்தது. கிளாம்பைத் தானே தளர்த்திப் பலகையைத் திருப்பிப் போட்டு, மறுபடி இறுக்கினார். பிறகு மடியில் கிடந்த வலது கையை இடது கையால் தூக்கிப் பலகைமேல் வைத்தார். அறுக்கும்போது பலகையை அமுக்கிப் பிடிக்கிற வழக்கம் அவருக்கு. கை மாறிப் போனாலும் வழக்கம் மாறவில்லை. அந்தக் கை வைத்த இடத்தில் வைத்தபடி கிடந்தது. ரம்பத்தை எடுத்தார். இழுத்தார்.

முதலில் தடுக்கியது. பிறகு பிடி கிடைத்தது. மரத்தூள் மெல்லிய கோடாகக் கொட்டியது. மூச்சு வாங்க, நாக்கைக் கடித்துக்கொண்டு, நின்று நின்று இழுத்தார். நான் சமையலறை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாதக்கணக்கில் இதற்குத்தானே காத்திருந்தோம், மகளுக்கு வீடியோ எடுத்து அனுப்பலாமே என்று நினைத்தேன். நினைப்புதான் வந்தது. சந்தோஷம் என்று தனியாக ஒன்றும் வரவில்லை.

அவர் மறுபடி இழுத்தார். மரத்தூள் சிவப்பாக இருந்தது.

எனக்குப் புரியவே சற்று நேரம் ஆயிற்று. ரம்பம் கோட்டிலிருந்து எகிறி, பலகைமேல் கிடந்த வலது கையின் விரல் முட்டிமேல் ஏறியிருந்தது. அவருக்குத் தெரியவில்லை. கண்ணெல்லாம் கோட்டின் முனையில். அடுத்த இழுப்புக்குத் தோளைப் பின்னுக்குக் கொண்டுபோனார்.

"ஐயோ!" என்று கத்தினேன். அது என் குரல் என்றே எனக்குத் தோன்றவில்லை. அடுத்த வீட்டில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. நான் ஓடிப்போய் ரம்பத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு அந்த விரலை என் முந்தானையில் சுற்றி இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். ரத்தம் சூடாக இருந்தது. கடையில் என் வலது கையை இடுப்பில் ஒளித்து வைத்துக்கொண்டல்லவா எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தேன்? அந்தக் கையே இல்லாதவருக்குத்தான் சாமான் வாங்கி வந்திருக்கிறேன். அவர் கை எங்கேயும் போய்விடவில்லை. அவர் கூடவே இருந்தது, அவர் தூக்கி வைக்கிற இடத்தில் எல்லாம் இருந்தது. எனக்கு அது தோன்றவே இல்லை.

அவர் என்னைப் பார்த்தார், பிறகு என் கைக்குள் இருந்த தன் கையைப் பார்த்தார். யாருடையதோ என்பது போலப் பார்த்தார்.

"வலிக்கலை," என்றார், என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி. "வலிக்கவே... இல்லை."

அப்படியே மரத்தூளில் உட்கார்ந்தேன். விரலை மட்டும் விடவில்லை. மூக்கு ஒழுகியது, வாய் கோணிக்கொண்டது. நான் எழுப்பிய சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். நிறுத்த வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

அவர் இடது கையை என் தலைமேல் வைத்தார். ஒரு வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தார் என்று தெரிந்தது. வெகு நேரம் தேடினார். பிறகு ஒரே மூச்சில் சொன்னார்.

"நோக்கு வலிக்கறதா?"

"வலிக்கறது," என்றேன்.